ஃபில்டர் குவெரிகளும் பைண்ட் வேரியபிளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் சின்னச் சின்ன நிறுவனங்களில் ஏபிஐ (மற்ற புரோகிராம்கள் விவரம் கேட்டு வாங்கும் வாசல்) எழுதுகிறவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், கல்லூரிக் கடைசி வருட புராஜெக்ட் செய்கிறவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகள் இவை. குவெரி என்பது டேட்டாபேஸிடம் நாம் கேட்கும் கேள்வி; ஃபில்டர் என்பது டேபிளின் எந்த வரிகள் (ரோ) வேண்டும் என்று அதில் சொல்லும் நிபந்தனை. பெரும்பாலானவற்றுக்கு ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: மீன் வரத்து விவரம் தரும் ஒரு ஏபிஐ. அதில் 'வரத்து' என்று ஒரு டேபிள். துறை, மீன், எடை, விலை, ஏல_நேரம், வியாபாரி_போன் என்று ஃபீல்டுகள். துறை என்பது கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், தேங்காய்த்திட்டு போல மீன் வந்து இறங்கும் இடம். குவெரி எழுதும் மொழியான எஸ்கியூஎல்லின் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டு வாசித்தால் புரிந்துவிடும்.

பைண்ட் வேரியபிள் என்றால் என்ன?

குவெரிக்குள் மதிப்பை எழுதாமல், அதற்கு ஓர் இடத்தை மட்டும் விட்டுவைப்பது.

செலக்ட் * ஃபிரம் வரத்து வேர் துறை = :துறை ஆண்ட் மீன் = :மீன்

இதில் :துறை, :மீன் இரண்டும் காலி இடங்கள். 'முதுநகர்', 'வஞ்சிரம்' என்ற மதிப்புகள் குவெரியோடு ஒட்டாமல் தனியாகப் போகும். வங்கிச் சலானில் அச்சடித்த வரிகள் வேறு, நாம் நிரப்பும் கட்டங்கள் வேறு அல்லவா, அதுபோலத்தான். கட்டத்துக்குள் என்ன எழுதினாலும் அச்சடித்த வரி மாறாது. டேட்டாபேஸும் குவெரியின் அமைப்பை முதலில் முடிவு செய்துவிடுகிறது. அப்புறம் வரும் மதிப்பை வெறும் மதிப்பாக மட்டுமே பார்க்கிறது.

காலி இடத்தை எப்படிக் குறிப்பது என்பதுதான் டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ், லைப்ரரிக்கு லைப்ரரி மாறும். ஆரக்கிளில் :பெயர், போஸ்ட்கிரெஸில் $1, $2, மைஎஸ்கியூஎல்லிலும் ஜாவாவின் ஜேடிபிசியிலும் ?, எஸ்கியூஎல் சர்வரில் @பெயர். பைத்தான் லைப்ரரிகளில் %s கூட வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காலி இடத்தைச் சுற்றி மேற்கோள் குறி போடக் கூடாது. ':மீன்' என்று எழுதினால் அது காலி இடம் ஆகாது, அந்த எழுத்துகளே மதிப்பாகிவிடும்.

நேராக ஒட்டி எழுதினால் என்னதான் ஆகிவிடும்?

முதலில் நல்ல பயனருக்கே உடையும். புதுச்சேரி டூமாஸ் தெருவில், தேவதூதர்களின் அன்னை ஆலயத்துக்கு எதிரே ழான் த'ஆர்க் சிலை இருக்கிறது. அருகில் உள்ள இடத்தை வைத்துத் தங்கும் அறை தேடும் ஒரு ஏபிஐயில், சுற்றுலா வந்தவர் அந்தப் பெயரை அடிக்கிறார் என்று வையுங்கள். ஒட்டி எழுதிய குவெரி இப்படி ஆகும்:

வேர் அருகில் = 'ழான் த'ஆர்க்'

'த' என்ற எழுத்தோடு மேற்கோள் முடிந்துவிட்டது. மிச்சமிருக்கும் 'ஆர்க்' என்ன என்று டேட்டாபேஸுக்குத் தெரியாது. பிழை சொல்லி நின்றுவிடும். பிரெஞ்சுப் பெயர்கள் புழங்கும் ஊரில் இது எப்போதாவது நடக்கிற விஷயம் இல்லை.

அதே ஓட்டை வழியாகக் கெட்ட எண்ணத்தோடும் ஒருவர் வரலாம். மீன் என்ற இடத்தில் அவர் இப்படி அனுப்புகிறார்: x' ஆர் '1'='1. குவெரி இப்போது 'மீன் x ஆக இருக்கட்டும், அல்லது ஒன்றும் ஒன்றும் சமமாக இருக்கட்டும்' என்கிறது. ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம். டேபிள் முழுவதும், வியாபாரிகளின் போன் எண்கள் உட்பட, வெளியே போய்விடும். இதற்குப் பெயர் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன். 1998 டிசம்பரில் 'ஃபிராக்' இணைய இதழில் ஜெஃப் ஃபாரிஸ்டால் இதை விளக்கி எழுதினார். இன்ஜெக்‌ஷன் வகை ஓட்டைகள் இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் ஆபத்துப் பட்டியலில் 2010, 2013, 2017 மூன்று முறையும் முதலிடத்தில் இருந்தன. மருந்து இவ்வளவு எளிதாகக் கையில் இருந்தும் இந்த நோய் இன்னும் போகவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உள்ளே வரும் மேற்கோள் குறியை இரட்டித்துவிட்டால் போதாதா?

போதாது. விலை > 500 போன்ற எண் ஃபில்டரில் மேற்கோளே கிடையாது. அங்கே இரட்டிக்க என்ன இருக்கிறது? அது போக, எந்த எழுத்தை எப்படி மாற்ற வேண்டும் என்பது டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ், என்கோடிங்குக்கு என்கோடிங் மாறும். அந்தக் கவலையை நம் தலையில் ஏற்றிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

ஃபில்டர்களில் சிலது வரும், சிலது வராது. குவெரியை எப்படிக் கட்டுவது?

ஏபிஐ எழுதுகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். ஒருவர் துறையை மட்டும் அனுப்புவார், இன்னொருவர் மீனும் குறைந்தபட்ச விலையும் அனுப்புவார், மூன்றாமவர் ஒன்றுமே அனுப்ப மாட்டார். "எல்லாவற்றையும் ஒரே குவெரியில் எழுத முடியாது, அதனால் ஒட்டிவிட்டேன்" என்பார்கள். குவெரியைத் துண்டு துண்டாகக் கட்டுவதில் தவறே இல்லை. அந்தத் துண்டுகளில் ஒன்றுகூடப் பயனர் அனுப்பிய எழுத்தாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டு பட்டியல்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நிபந்தனைகளுக்கு, இன்னொன்று மதிப்புகளுக்கு. துறை வந்திருக்கிறதா? முதல் பட்டியலில் 'துறை = :துறை' என்ற, நீங்களே எழுதிவைத்த வரியைச் சேருங்கள்; உடனே, அதே இடத்தில், இரண்டாவது பட்டியலில் மதிப்பைச் சேருங்கள். குறைந்தபட்ச விலை வந்திருக்கிறதா? 'விலை >= :குறைந்த_விலை', அதற்கான மதிப்பு. கடைசியில் நிபந்தனைகளை 'ஆண்ட்' போட்டுக் கோத்துவிடுங்கள். தேங்காய்த்திட்டும் 500 ரூபாயும் வந்தால் கிடைப்பது:

வேர் துறை = :துறை ஆண்ட் விலை >= :குறைந்த_விலை

பயனர் தட்டிய ஓர் எழுத்துகூட இந்த வரியில் இல்லை, பாருங்கள். கோடு ரிவ்யூவில் (பிறர் எழுதிய புரோகிராமைச் சரிபார்க்கும்போது) நான் முதலில் தேடுவது இதைத்தான். ? போன்ற வரிசைக் குறிகளைப் பயன்படுத்தினால், நிபந்தனையையும் மதிப்பையும் ஒரே இடத்தில் சேர்ப்பது இன்னும் முக்கியம். பின்னால் யாரோ நடுவில் ஒரு நிபந்தனையைச் செருகி, மதிப்பைக் கடைசியில் சேர்த்தால், எடை இருக்க வேண்டிய இடத்தில் விலை போய் உட்காரும். இரண்டும் எண் என்பதால் பிழைகூட வராது. தவறான பதில் வரும். பெயர் வைத்த பைண்டில் இந்தத் தொல்லை இல்லை.

தெரியாத ஃபில்டர் பெயர் வந்தால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். 'துறை' என்பதற்குப் பதிலாக 'துரை' என்று அனுப்பிவிட்டார். கண்டுகொள்ளாமல் விட்டால் ஃபில்டரே இல்லாமல் எல்லா வரிகளும் போகும். 400 பிழை (அனுப்பிய கோரிக்கை தவறு என்ற பதில்) கொடுத்து, எந்தப் பெயர் தெரியவில்லை என்று சொல்வதே நல்லது. அழிக்கும், மாற்றும் குவெரிகளில் இது இன்னும் கண்டிப்பு: நிபந்தனைப் பட்டியல் காலியாக இருந்தால் குவெரியை ஓட்டவே கூடாது.

'(:துறை இஸ் நல் ஆர் துறை = :துறை)' என்று ஒரே குவெரியாக எழுதலாமா?

நல் என்றால் மதிப்பே இல்லை என்று பொருள். பாதுகாப்பில் குறை இல்லை. சின்ன டேபிளுக்குத் தாராளமாக எழுதலாம். டேபிள் பெருத்தால், துறை வருமா வராதா என்று தெரியாமல் டேட்டாபேஸ் போடும் திட்டம் (வரிகளை எந்த வழியில் தேடுவது என்ற முடிவு) பல நேரம் இண்டெக்ஸை (தேடலை வேகமாக்கும் அட்டவணையை) விட்டுவிட்டு முழு டேபிளையும் படிக்கும். போஸ்ட்கிரெஸில் சில சமயம் $1 என்ன வகை என்று தெரியவில்லை என்ற பிழையும் வரும். இது எழுத்து, இது எண் என்று வகையைச் சொல்லி மாற்ற (காஸ்ட் செய்ய) வேண்டியிருக்கும். நான்கைந்து ஃபில்டருக்கு மேல் போனால் நான் துண்டுகளாகக் கட்டுவதையே தேர்ந்தெடுப்பேன்.

பைண்ட் செய்தால் வேகமும் கூடுமா?

அடிக்கடி ஓடும் குவெரியில் கூடும். ஆரக்கிளில் நன்றாகத் தெரியும். ஒரு குவெரி வந்ததும், அதே எழுத்தில் முன்பே வந்திருக்கிறதா என்று ஷேர்டு பூலில் (பழைய குவெரிகளை வைத்திருக்கும் நினைவகத்தில்) தேடும். இருந்தால் பழைய திட்டத்தையே எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் இலக்கணம் பார்த்து, உரிமை பார்த்து, புதுத் திட்டம் போட வேண்டும். ஹார்டு பார்ஸ் என்பது இதைத்தான். போன் எண்ணை ஒட்டி எழுதினால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு புதுக் குவெரி, ஒரு புது ஹார்டு பார்ஸ். பைண்ட் செய்தால் ஆயிரம் எண்ணுக்கும் குவெரி ஒன்றே.

'இன்' பட்டியலுக்கு எப்படி பைண்ட் செய்வது?

'இன்' என்பது பட்டியலில் உள்ள மதிப்புகளில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும் என்ற நிபந்தனை. 'வஞ்சிரம், சங்கரா, நெத்திலி' என்று கமா போட்ட ஒரே சரத்தை ஒரே காலி இடத்தில் திணித்தால், அந்த நீளமான பெயரில் ஒரு மீனைத் தேடும், ஒன்றும் கிடைக்காது. மூன்று மதிப்பு என்றால் மூன்று காலி இடம் வேண்டும்: மீன் இன் (:மீன்1, :மீன்2, :மீன்3). எண்ணிக்கையைப் பார்த்து லூப்பில் உருவாக்குங்கள். போஸ்ட்கிரெஸில் இதைவிடச் சுலபமான வழி உண்டு. மீன் = எனி($1) என்று எழுதி முழுப் பட்டியலையும் ஓர் அரேயாக அனுப்பலாம்; பட்டியல் நீண்டாலும் குவெரி மாறாது.

பட்டியல் காலியாக வந்தால்? 'இன் ()' பெரும்பாலான டேட்டாபேஸ்களில் பிழை. காலிப் பட்டியலுக்குக் காலிப் பதில் என்று முன்னாலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். நீளத்துக்கும் வரம்பு வையுங்கள். ஆரக்கிள் பல காலமாக ஒரு 'இன்' பட்டியலுக்கு 1000 என்று வரம்பு வைத்திருந்தது, எஸ்கியூஎல் சர்வர் ஒரு குவெரிக்கு 2100 பாராமீட்டர், எஸ்கியூலைட் 3.32 பதிப்புக்கு முன்பு வரை இயல்பாக 999.

ஆர்டர் பை-க்கும் பைண்ட் செய்யலாமா?

முடியாது. ஆர்டர் பை என்பது பதிலை வரிசைப்படுத்தும் பகுதி. பைண்ட் என்பது மதிப்புக்கு மட்டும். டேபிள் பெயர், ஃபீல்டு பெயர், ஏறுவரிசை இறங்குவரிசை எல்லாம் குவெரியின் அமைப்பு. 'ஆர்டர் பை :வரிசை' என்று எழுதி 'விலை' என்ற சொல்லை அனுப்பினால், பல டேட்டாபேஸ்கள் பிழைகூடச் சொல்லாது. ஒவ்வொரு வரியையும் 'விலை' என்ற மாறாத சொல்லை வைத்து வரிசைப்படுத்தும். அதாவது வரிசைப்படுத்தவே செய்யாது. பயனருக்கு ஏன் வரிசை மாறவில்லை என்று புரியாது, உங்களுக்கும் புரியாது.

வழி இதுதான்: அனுமதித்த பெயர்களின் பட்டியலை கோடிலேயே வையுங்கள். பயனர் 'விலை' என்றால் உங்கள் பட்டியலில் உள்ள 'விலை' என்ற எழுத்தை எடுத்து குவெரியில் போடுங்கள். பட்டியலில் இல்லாததைக் கேட்டால் 400. பக்கம் பிரிக்கும் லிமிட், ஆஃப்செட் இரண்டும் மதிப்புகள். அவற்றை பைண்ட் செய்யலாம். ஆனால் எண்ணாக மாற்றி, மேல்வரம்பு வைத்து அனுப்புங்கள்.

லைக் தேடலில் % எங்கே போட வேண்டும்?

மதிப்பில். மீன் லைக் :தேடல் என்று எழுதி, கோடில் 'வஞ்சி' என்பதோடு % சேர்த்து அனுப்புங்கள். பயனரே % அல்லது _ அடித்தால் அவையும் 'எதுவானாலும் சரி' என்ற பொருளில் வேலை செய்யும். இன்ஜெக்‌ஷன் இல்லை, ஆனால் வெறும் % அடித்தவருக்கு டேபிள் முழுக்க வந்துவிடும். அவற்றுக்கு முன்னால் ஒரு எஸ்கேப் எழுத்தைச் சேர்த்து, குவெரியில் எஸ்கேப் பகுதியையும் எழுதுங்கள். % முன்னால் வந்தால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தமிழில் தேடினால் சில பெயர்கள் மட்டும் கிடைப்பதில்லை. பைண்டில் பிரச்சினையா?

இல்லை, யூனிகோடில் (எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் முறையில்). தமிழ் ஏபிஐ எழுதுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது, ஆங்கிலப் பாடங்களில் கிடைக்காது. 'கொடுவா' என்பதில் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ககரத்தோடு ஒகரக் குறி 0BCA என்ற ஒரே குறியீடாக வரலாம். அல்லது எகரக் குறி 0BC6, கால் 0BBE என இரண்டு குறியீடுகளாக வரலாம். திரையில் ஒரே 'கொ'தான். பல டேட்டாபேஸ்களுக்கு இரண்டும் வேறு வேறு. கோரிமேட்டில் வரும் 'கோ'வுக்கும் இதே கதை, ஔகாரக் குறிக்கும் இதே கதை. எந்தக் கீபோர்டில் அடித்தார்கள், எந்தப் பழைய ஃபான்டிலிருந்து மாற்றினார்கள் என்பதைப் பொறுத்து எது வேண்டுமானாலும் வரும்.

என்எஃப்சி என்ற முறையில் நார்மலைஸ் செய்தால் (ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால்) இரண்டும் ஒன்றாகிவிடும். சேமிக்கும்போது ஒரு முறை, ஃபில்டர் மதிப்பை பைண்ட் செய்வதற்கு முன் ஒரு முறை. ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயனில்லை. கூடவே முன்பின் வெற்றிடங்களையும் வெட்டிவிடுங்கள்.

நம் கடலூர் மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு: ஸ்ரீமுஷ்ணம். 'ஸ்ரீ' என்பதை ஸகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம், 0BB6 என்ற ஶகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம். பல ஃபான்டுகளில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். இதை என்எஃப்சி ஒன்றாக்காது. உங்கள் கோடிலேயே ஏதாவது ஒரு பக்கமாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஊர்ப் பெயர் போன்றவற்றுக்குப் பெயரை விட்டுவிட்டு ஓர் எண்ணால் ஃபில்டர் செய்வது இன்னும் நிம்மதி. புதுச்சேரி என்றும் பாண்டிச்சேரி என்றும் எழுதுகிறவர்கள் இருக்கும்வரை அது தேவைப்படும்.

'நல்' மதிப்பை பைண்ட் செய்தால் ஒன்றுமே வருவதில்லையே?

வராது. 'மீன் = நல்' என்பது எந்த வரிக்கும் உண்மை ஆகாது. 'மீன் இஸ் நல்' என்று தனி நிபந்தனையாக எழுதுங்கள்.

போன் எண், தேதி இவற்றை எந்த வகையில் அனுப்புவது?

ஃபீல்டு எந்த வகையோ அந்த வகையில். வியாபாரி_போன் எழுத்து வகை ஃபீல்டு. நீங்கள் எண்ணாக அனுப்பினால் ஆரக்கிளும் மைஎஸ்கியூஎல்லும் ஒவ்வொரு வரியின் போனையும் எண்ணாக மாற்றி ஒப்பிடும். அந்த ஃபீல்டில் போட்டுவைத்த இண்டெக்ஸ் வீண். போஸ்ட்கிரெஸ் வகை பொருந்தவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

தேதியில் நேர மண்டலம்தான் வில்லங்கம். விடியற்காலை 4 மணிக்கு நடந்த ஏலம், யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமித்தால் முந்தின நாள் இரவு 10:30. 'ஜூன் 15 ஏலம்' என்று கேட்டவருக்கு யூடிசி தேதியை வைத்துத் தேடினால், அன்றைய விடியல் ஏலம் விடுபட்டு மறுநாள் விடியல் ஏலம் உள்ளே வரும். இந்திய நேரத்தில் ஜூன் 15 நள்ளிரவு 12 மணியைத் தொடக்கமாகவும் ஜூன் 16 நள்ளிரவு 12 மணியை முடிவாகவும் கணக்கிட்டு இப்படி எழுதுங்கள்:

ஏல_நேரம் >= :தொடக்கம் ஆண்ட் ஏல_நேரம் < :முடிவு

முடிவில் சமக்குறி இல்லை. ஃபீல்டின் மேல் எந்த ஃபங்ஷனும் போடவில்லை. அதனால் இண்டெக்ஸ் வேலை செய்யும்.

ஒரே குவெரி சில நேரம் பறக்கிறது, சில நேரம் தவழ்கிறது. ஏன்?

தரவு சமமாகப் பரவியிருக்காது என்பதால். முதுநகர் போன்ற பெரிய துறைக்கு லட்சக்கணக்கில் வரிகள் இருக்கலாம், சின்னக் குப்பத்துக்கு நூறு வரிகள். நூறு வரிக்கு இண்டெக்ஸ் நல்லது. டேபிளில் பாதியை எடுக்க வேண்டுமென்றால் முழுவதையும் படிப்பதே வேகம். பைண்ட் செய்த குவெரிக்கு ஒரே திட்டம் என்றால், யாராவது ஒருவருக்குப் பொருந்தாது. காலமும் அப்படித்தான்: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகு வரத்தே கிடையாது. தடைக்காலத் தேதியை வைத்துப் போட்ட திட்டம், படகுகள் திரும்பக் கடலுக்குப் போன பிறகு தவறாகப் போகலாம்.

ஆரக்கிள் 9ஐ (9i) பதிப்பிலிருந்து முதல் முறை மதிப்பை எட்டிப் பார்த்துத் திட்டம் போடுகிறது. 11ஜி-யிலிருந்து மதிப்புக்கேற்ப வேறு திட்டங்களையும் வைத்துக்கொள்கிறது. போஸ்ட்கிரெஸ், தயார் செய்து வைத்த குவெரிக்கு முதல் ஐந்து முறை மதிப்பைப் பார்த்துத் திட்டம் போடும். அப்புறம் பொதுத் திட்டம் கட்டுப்படியாகுமா என்று ஒப்பிடும். 12-ஆம் பதிப்பிலிருந்து பிளான்_கேஷ்_மோட் என்ற அமைப்பால் இதை நாமே தீர்மானிக்கலாம். எஸ்கியூஎல் சர்வரில் அந்தக் குவெரிக்கு மட்டும் ரீகம்பைல் (ஒவ்வொரு முறையும் புதுத் திட்டம்) கேட்கலாம்.

இதைக் காரணம் காட்டி "பைண்டால்தான் மந்தம்" என்று ஒட்டி எழுதத் திரும்பாதீர்கள். ஸ்டேட்டஸ் ஃபீல்டில் வருவது போல, நீங்களே முடிவு செய்த நாலைந்து மாறாத மதிப்புகளை குவெரியில் நேராக எழுதுவதில் ஆபத்து இல்லை. பயனர் அனுப்பியது மட்டும் எப்போதும் பைண்ட்.

நாங்கள் ஓஆர்எம் பயன்படுத்துகிறோம். இது எங்களுக்கும் தேவையா?

தேவை. ஓஆர்எம் (நம் கோடிலிருந்து குவெரியைத் தானே எழுதித் தரும் லைப்ரரி) சாதாரணமாக பைண்ட்தான் செய்யும். ஆனால் எல்லா ஓஆர்எம்மிலும் 'ரா' குவெரி (நாமே நேராக எழுதும் எஸ்கியூஎல்) எழுத ஒரு வாசல் இருக்கும், அவசரத்தில் எல்லோரும் போவது அந்த வாசல் வழியாகத்தான்.

பைத்தானில் இன்னொன்றும் பாருங்கள். குவெரிக்கும் மதிப்புகளுக்கும் நடுவில் கமா போட்டால் மதிப்பு லைப்ரரியிடம் தனியாகப் போகும். கமாவுக்குப் பதில் % போட்டால் பைத்தானே ஒட்டிவிடும். திரையில் ஓர் எழுத்து வித்தியாசம், மதிப்பு எண் என்றால் சோதனையில் இரண்டும் ஒரே பதில். எழுத்துக்குள் மதிப்பைச் செருகும் எஃப்-ஸ்டிரிங்கும் இப்படி ஒட்டுவதுதான்.

பயனர் அனுப்பாத, நம் டேட்டாபேஸிலிருந்தே எடுத்த மதிப்புக்கும் பைண்ட் வேண்டுமா?

வேண்டும். நேற்று ஒரு பயனர் சேமித்த பெயர்தான் இன்று நம் டேபிளில் இருக்கிறது. பத்திரமாக பைண்ட் செய்து உள்ளே வைத்த அதே எழுத்தை, இரவு ஓடும் அறிக்கை வேலை எடுத்து ஒட்டினால், அங்கே வெடிக்கும்.

பைண்ட் மதிப்புகளை லாகில் எழுதலாமா?

குவெரியின் எழுத்தையும் எடுத்த நேரத்தையும் தாராளமாக எழுதுங்கள். மதிப்புகளில் போன் எண், பெயர் இருந்தால் மறைத்து எழுதுங்கள். பைண்ட் செய்வதால் கிடைக்கும் இன்னொரு வசதி இது: குவெரி வேறு, மதிப்பு வேறு என்பதால் ஒன்றை எழுதி மற்றதை விட முடிகிறது.

எழுதி முடித்ததும் எதையெல்லாம் அனுப்பிச் சோதிப்பது?

ழான் த'ஆர்க். ஒற்றை மேற்கோள் மட்டும். வெறும் %. இரண்டு விதமாக அடித்த கொடுவா. காலிப் பட்டியல். அளவுக்கு மீறிய பட்டியல். வரிசை என்ற இடத்தில் இல்லாத ஃபீல்டு. விலை என்ற இடத்தில் எழுத்து. தெரியாத ஃபில்டர் பெயர். இவற்றில் ஒன்றுக்குக்கூட 500 (சர்வரிலேயே கோளாறு என்ற பிழை) வரக் கூடாது. சரியான பதில், அல்லது காரணம் சொல்லும் 400. இந்தச் சோதனைகளை ஒவ்வொரு முறை கோடு சேரும்போதும் தானாக ஓடும்படி வைத்துவிடுங்கள்.